நாலு நாளுக்குப் பேனல் வேண்டாம்

சோலார் பேனலை வாடகைக்கு விடுகிறவளே அது வேண்டாம் என்று சொன்னாள். யுவராஜுக்கு அந்தப் பெண்ணை உடனே பிடித்துப்போயிற்று.

பொள்ளாச்சியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது அந்தக் கடை. மலையில் தங்கப் போகிறவர்களுக்குக் கூடாரம், தூங்கும் பை, ஸ்டவ் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். நடத்துகிறவள் பெயர் ஷகிலா பானு. ஜனங்கள் எதையெல்லாம் தூக்கிக்கொண்டு மலையேறி, எதையெல்லாம் தொடாமலே திருப்பிக் கொண்டுவருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போன முகம் அவளுக்கு. எத்தனை நாள் என்று கேட்டாள். நாலு நாள் என்றார் யுவராஜ். அவள் பேனலை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

"நாலு நாளுக்குப் பேனல் வேண்டாங்கண்ணா. பேருக்குத்தான் அறுபது வாட்டு. மார்கழி மஞ்சு மூட்டத்துல பகல் பூரா விரிச்சுப் போட்டாலும் ஒரு பேட்டரிதான் ரொம்பும். பேனல் ரெண்டு கிலோ. நாலு நாள்ல நாலு பேட்டரி ரொப்புவீங்க. அந்த நாலு பேட்டரியும் ரெண்டு கிலோதான. இங்கயே ரொப்பி எடுத்துட்டுப் போனா வெயிலக் கும்புட்டுட்டு நிக்க வேண்டியதில்ல. அஞ்சாம் நாளும் தங்கறவங்களுக்குத்தான் பேனல்ல லாபம்."

யுவராஜ் மூன்று நாளாகக் காகிதத்தில் போட்டுப் பார்த்த கணக்கும் அட்சரம் பிசகாமல் அதேதான். மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வயது அறுபத்தைந்து. அவர் பிறந்த காலத்தில் பிள்ளைகளுக்கு அப்படித்தான் பெயர் வைத்தார்கள். இன்றைக்கு உடுமலைப்பேட்டையில் மூட்டுவலி மருந்து வாங்க நிற்கும் வரிசையில் நாலு யுவராஜாவது இருப்பார்கள்.

எதற்குப் பேட்டரி, செல்லுக்கா விளக்குக்கா என்று ஷகிலா கேட்டாள். யுவராஜ் பக்கத்தில் நின்ற மனைவியைக் காட்டினார். கோகிலவாணி சேலையைச் சற்று விலக்கி, இடுப்பில் இருந்த பெல்ட்டைக் காண்பித்தாள். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஷகிலா அதைப் பார்த்தாள். அலமாரியில் இருந்து எடுத்து வைத்த பேட்டரிகளைத் திரும்ப அடுக்கிவிட்டு, உள்ளே போய்ப் புதுப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

நெஞ்சு மோட்டார் வந்து இருபது வருஷம் ஆகிறது. இதயம் கைவிட்டவர்களுக்கு எலுமிச்சம்பழ அளவில் ஒரு மோட்டாரை உள்ளே வைத்துவிடுகிறார்கள். அது பாட்டுக்கு ரத்தத்தை இறைக்கிறது. இடுப்பு பெல்ட்டில் இரண்டு பேட்டரி, ஒன்று எட்டு மணி நேரம் வரும், அது தீர்ந்ததும் மற்றது ஓடும். கம்பி எதுவும் உடம்புக்குள் போவதில்லை, தோல் வழியாகவே மின்சாரம் ஏறிக்கொள்ளும். பச்சை எரிந்தால் கவலையில்லை. மஞ்சள் எரிந்தால் அரை மணி நேரம் மிச்சம். சிவப்பு எரிவதை யாரும் பார்க்க விரும்புவதில்லை.

ஊரும் அதற்கேற்ப மாறிக்கொண்டது. கல்யாண மண்டபத்தில் சுவரோரமாகப் பிளக் பாயிண்ட் வைத்த நாற்காலிகளுக்கு மோட்டார் வரிசை என்று பெயர். அங்கே உட்கார்ந்தவர்களுக்கு முதல் பந்தியில் இலை போடுவார்கள், கூடவே ஒரு கரண்டி அனுதாபமும் விழும். பஸ்ஸில் இடம், கோயிலில் தனி வழி, எல்லாம் உண்டு. பிளக் இருக்கும் இடத்துக்கெல்லாம் போகலாம். இல்லாத இடத்துக்கு யாரும் கூப்பிடுவதில்லை. கோகிலவாணியின் சொந்தத் தங்கையே தோட்டத்து வீட்டுப் புதுமனைப் புகுவிழாவுக்கு அழைக்கவில்லை. அங்கே அடிக்கடி கரண்ட் போகும், உனக்கு எதுக்குச் சிரமம் என்று பின்னால் சொன்னாள். கோகிலவாணி ஃபோனில் சிரித்துக்கொண்டே அதெல்லாம் ஒன்றுமில்லை என்றாள். அன்று மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

மோட்டார் வைப்பதற்கு முன்னால் இருவரும் வருஷம் தவறாமல் மார்கழியில் வரையாட்டுக்கரட்டுக்குப் போய்வந்தவர்கள். ஆனைமலைத் தொடரில் புல்வெளிக்கு நடுவே வனத்துறை அனுமதித்திருக்கும் முகாம் அது. ஜீப் நிற்கும் இடத்தில் இருந்து மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். மின்சாரம் கிடையாது, ஃபோன் எடுக்காது. இருபத்திரண்டு வருஷம் போனார்கள், ஐந்து வருஷமாகப் போகவில்லை. இந்த ஐப்பசியில் ஒரு நாள் கோகிலவாணி, காப்பி ஆற்றிக்கொண்டே, இந்த வருஷம் போகலாங்களா என்று கேட்டாள். அவர் முடியாது என்று சொல்லியிருக்கலாம். பெங்களூரில் இருக்கும் மகள் மகிழினி அதைத்தான் சொன்னாள், அழவும் செய்தாள். ஆனால் கோகிலவாணி கேட்டபோது யுவராஜ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார், அதன் பிறகு அவரால் கணக்குப் போடத்தான் முடிந்தது.

நாலு நாளுக்குப் பன்னிரண்டு பேட்டரி, ஆபத்துக்கு நாலு. மொத்தம் பதினாறு, எட்டு கிலோ. முடிந்தது. பையைக் கட்டப் போகையில்தான் கோகிலவாணி வாயைத் திறந்தாள்.

"பேனலும் ஒண்ணு எடுத்துக்கலாங்க."

எதற்கு என்று கேட்டார். சும்மா இருக்கட்டும் என்றாள். இவ்வளவு நேரம் அந்தப் பெண் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னதைக் கேட்கவில்லையா, ரெண்டு கிலோ யார் தூக்குவது என்றார். கோகிலவாணி ஷகிலாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போய் நிழலில் நின்றுகொண்டாள். ஷகிலா யுவராஜைப் பார்த்தாள். அவர் பேனலை எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் அவர்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறுகிறவன், ஏறும் முன் துணை மின்நிலையத்துக்குச் சொல்லி அந்த லைனை நிறுத்தச் சொல்வான். அதற்கு எல்.சி. வாங்குவது என்று பெயர். வேலை முடிந்து இறங்கி, வாங்கியவனே தன் வாயால் எல்.சி.யைத் திருப்பித் தர வேண்டும். அதுவரைக்கும் யார் வந்து சொன்னாலும், எந்த அதிகாரி குதித்தாலும், ஸ்விட்சில் கை வைக்கக் கூடாது. வைத்தால் மேலே இருப்பவன் கருகிப் போவான். யுவராஜ் முப்பத்தாறு வருஷம் இந்த விதிக்குள் உயிர் வாழ்ந்தவர். மனைவி ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அன்றே அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். பேட்டரியைக் கழற்றும்போது "எல்.சி. வாங்கிட்டேன்" என்பார். புதியதை மாட்டிய பிறகு "எல்.சி. குடுத்துட்டேன்" என்பார். இரண்டுக்கும் நடுவே கோகிலவாணி பெல்ட்டைத் தொடவே கூடாது. ஐந்து வருஷமாகத் தினம் மூன்று வேளை இது நடக்கிறது. கல்யாண மண்டபத்தில் நடந்தால் பக்கத்து நாற்காலிக்காரர்கள் சிரிப்பார்கள். யுவராஜ் சிரிக்கமாட்டார்.

வரையாட்டுக்கரடு மாறாமல் இருந்தது. அவர்தான் மாறியிருந்தார். பதினாறு பேட்டரியும் பேனலும் கூடாரமும் முதுகில் ஏறியதில், மூன்று கிலோமீட்டருக்கு ஏழு இடத்தில் உட்கார்ந்தார். கோகிலவாணி புடவையை மாற்றிச் சுடிதாரில், கையில் ஒரு குச்சியோடு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். பெல்ட் விளக்கு பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க அவர் ஓடி ஓடி அவளைப் பிடிக்க வேண்டியிருந்தது.

கொண்டுவந்துவிட்ட பேனலைச் சும்மா கிடக்கவிட யுவராஜால் முடியவில்லை. அது அவர் சுபாவம். முதல் நாள் போய்ச் சேர்ந்ததுமே கூடாரத்துக்கு முன்னால் விரித்தார். மீட்டர் பதினொரு வாட் என்றது. கொஞ்சம் சாய்த்தார், பதினாறு ஆயிற்று. மஞ்சு வந்து மூன்றாக்கியது. வானத்தைப் பார்த்தார். மேற்குச் சரிவில் ஒரு துண்டு வெயில் விழுந்திருந்தது. பேனலைச் சுருட்டிக்கொண்டு அங்கே போனார். போய்ச் சேர்வதற்குள் வெயில் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. விடுவாரா? அன்று முழுவதும் மனிதர் வெயிலுக்குப் பின்னால் அலைந்தார். சாயங்காலம் பேட்டரியில் முக்கால்தான் ஏறியிருந்தது. அடுத்த நாள் விடியும் முன்பே எழுந்து, மேகம் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது, எந்தப் பாறையில் எத்தனை மணிக்கு வெளிச்சம் படுகிறது என்று ஒரு நோட்டில் குறிக்க ஆரம்பித்தார்.

கோகிலவாணி அவளுக்குப் பிடித்ததை எல்லாம் செய்தாள். ஓடையில் கால் வைத்து உட்கார்ந்தாள். எதிர்ப் பாறையில் வரையாடுகள் குட்டிகளோடு ஏறுவதை எண்ணினாள். காலையில் ஒரு முறை வந்து பார்த்துவிட்டுப் போகும் வனக்காவலர் கந்தவேலுவிடம், அவர் மகள் என்ன படிக்கிறாள் என்பது வரை விசாரித்தாள். யுவராஜ் தூரத்தில் இருந்து அவ்வப்போது கையை ஆட்டுவார். அவளும் ஆட்டுவாள். அப்போதெல்லாம் அவருக்கு அவளுடைய விளக்கு தெரியாது, அவள் மட்டும்தான் தெரிந்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு மணிக்கு, பெல்ட்டில் தீர்ந்துபோன ஒரு பேட்டரியைக் கழற்றினார். மற்றதில் மூன்று மணி நேரம் இருந்தது.

"எல்.சி. வாங்கிட்டேன். மேக்க அந்த மொட்டப் பாறைல வெயில் நல்லா அடிக்குது. இதையே ரொப்பிக் கொண்டாந்து மாட்டறேன். ரெண்டு மணி நேரம். கையே வெக்கக் கூடாது, ஆமா."

"போயிட்டு வாங்க. பாத்துப் போங்க."

பெட்டியில் ஒன்பது பேட்டரி முழுசாக இருந்தன. அதில் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் நோட்டில் குறித்த கணக்குப்படி அன்றைக்கு முதல் முறையாக ஒரு பேட்டரி முழுதாக நிறைய வாய்ப்பிருந்தது. அதையே அவள் இடுப்பில் மாட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது.

மொட்டைப் பாறையில் மீட்டர் நாற்பத்தொன்றைக் காட்டியது. யுவராஜுக்கு வாயெல்லாம் பல். இரண்டரை மணிக்கு மஞ்சு திமுதிமுவென்று ஏறி வந்தது. அவசரமாகப் பேனலைச் சுருட்டிக்கொண்டு இறங்கியபோது ஈரப் பாசியில் கால் வழுக்கியது. வலது கணுக்கால் இரண்டு கல்லுக்கு நடுவில் மாட்டி மடங்கியது. எழுந்து நின்று பார்த்தார், முடியவில்லை. கூடாரம் அரைக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

கோகிலா என்று கத்தினார். காற்று எதிர்த்திசையில் அடித்தது. மறுபடியும் கத்தினார். பிறகு உட்கார்ந்தபடியே கைகளை ஊன்றி நகர ஆரம்பித்தார்.

மணி மூன்றரை ஆனபோது இப்போது மஞ்சள் எரியும் என்று நினைத்தார். பெட்டியில் ஒன்பது பேட்டரி இருக்கிறது, அவள் இருக்கும் இடத்தில் இருந்து நாலு அடி. எடுத்து மாட்டினால் முடிந்தது. ஆனால் அவள் மாட்டமாட்டாள். மாட்டவே கூடாது என்று ஐந்து வருஷம் உருப்போட வைத்தவர் அவரே அல்லவா? எல்.சி. அவரிடம் இருக்கிறது. அவர் சட்டைப்பையில் கனக்கும் அந்த ஒற்றைப் பேட்டரியோடு அவர் வரும்வரைக்கும் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னும் வேகமாகக் கைகளை ஊன்றினார். கம்பத்தின் உச்சியில் நின்ற நாள்களில் கூட அவர் அப்படிப் பயந்ததில்லை. வாய்விட்டு அழுதார், அழுதுகொண்டே நகர்ந்தார். உள்ளங்கை இரண்டும் கிழிந்துவிட்டது.

கூடாரம் கண்ணில் பட்டபோது நாலு மணி பத்து நிமிஷம்.

கோகிலவாணி ஸ்டவ் பக்கத்தில் உட்கார்ந்து ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டில் பச்சை எரிந்தது, இரண்டு பேட்டரியும் மாட்டியிருந்தது. அவரைப் பார்த்ததும் ஐயோ என்று எழுந்து ஓடிவந்தாள். தோளைக் கொடுத்து உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள். காலைத் தொட்டுப் பார்த்து, எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான் என்றாள். வெந்நீர் வைத்தாள். யுவராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் பெல்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி மாத்துன?"

"ரெண்டையும் நானேதான். மஞ்ச எரியறதுக்கு முன்னாலயே மாத்தீட்டனுங்க. நீங்க வரக் காணம்னு தேடிட்டு அந்த ஓட வரைக்கும் வந்தேன். மஞ்சுல ஒண்ணுந் தெரியல. நாந் தொலஞ்சு போயிட்டா நீங்க வந்து பாத்துப் பதறுவீங்கன்னு திரும்பி வந்து அடுப்பப் பத்த வெச்சேன். வாசத்துக்காவது வழி தெரியுமில்ல."

"அதில்ல. மாத்தறதுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவள் வெந்நீரில் துணியைப் பிழிந்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"ஆஸ்பத்திரில மொத வாரமே நர்ஸம்மா சொல்லிக் குடுத்துட்டாங்க. சொல்லிக் குடுக்காம ஊட்டுக்கு அனுப்பமாட்டாங்க. நீங்க மார்க்கெட்டுக்குப் போனா, கோயிலுக்குப் போனா, எத்தனையோ தடவ நானே மாத்தியிருக்கேன்."

யுவராஜுக்குக் கணுக்கால் வலி மறந்துபோயிற்று. அஞ்சு வருஷம், தினம் மூன்று வேளை. தன் தங்கை மகன் கல்யாணத்துக்குக் கூட அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போகாமல் வீட்டிலேயே இருந்தது, நண்பர்கள் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகாதது, தூக்கத்தில் மூன்று முறை எழுந்து விளக்கைப் பார்ப்பது எல்லாம் நினைவுக்கு வந்தது. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டார்.

"எனக்கு மோட்டார் வெக்கறப்ப நீங்க ரிட்டயர் ஆகிப் பதினஞ்சு நாள். காலைல எந்திரிச்சு யூனிபார்ம எடுத்துப் பாத்துட்டு மறுபடியும் பீரோல வெப்பீங்க. எங்கயாவது கரண்ட் போனா வாசல்ல நின்னு எந்த ஃபீடர்னு யோசிப்பீங்க. அப்பறம் ஒரு நாள் எல்.சி. வாங்கிட்டேன்னு சொன்னீங்க பாருங்க, மொகம் அப்பிடி இருந்துச்சு. நாந் தொடவே கூடாதுன்னு சொன்னீங்க. சரின்னு விட்டுட்டேன்."

அவர் கூடாரத்தின் துணிப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ரசம் சோறு கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டார், ஆனால் பேசவில்லை. அவள் தட்டைக் கழுவிவிட்டு வந்து, அவருடைய கிழிந்த கைக்கு எண்ணெய் போட்டுவிட்டாள். கோபமா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அவள் பிழைத்திருக்கிறாள் என்கிற சந்தோஷமும், தன்னால் அல்ல என்கிற வருத்தமும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

நாலாம் நாள் காலையில் மஞ்சு சுத்தமாக விலகிவிட்டது. கந்தவேலு இன்னொரு காவலரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், சுமையோடு யுவராஜையும் அவர்களே தாங்கிக் கீழே இறக்கிவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனார். யுவராஜ் காலை நீட்டி உட்கார்ந்து நோட்டைத் திறந்தார். மூன்று நாளைக்கும் கூட்டினார். பேனல் மொத்தமாகத் தந்தது இரண்டே கால் பேட்டரி. எடுத்த எடுப்பில் ஷகிலா சொன்னதைக் காட்டிலும் குறைவு. பெட்டியில் ஏழு பேட்டரி தொடாமலே மிச்சம். கணுக்காலையும் சேர்த்தால் முழு நஷ்டம். ஐந்து வருஷத்துக் கோபத்தையும் அந்தத் துணிப் பேனல் மீதே காட்டினார். இதை எடுத்து வந்ததற்கு ஒரு காரணமாவது சொல், ஒன்றே ஒன்று என்றார்.

கோகிலவாணி பல் விளக்கிக்கொண்டிருந்தாள். வாயைக் கொப்பளித்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வெறும் பேட்டரியோட வந்திருந்தா நாலு நாளும் என்ன பண்ணியிருப்பீங்க? இதுல எவ்வளவு இருக்கு, அதுல எவ்வளவு இருக்குன்னு என்ற இடுப்பையே பாத்துட்டு உக்காந்திருப்பீங்க. அஞ்சு வருஷமா அதத்தான பண்றீங்க. பேசறப்ப கூட மொகத்தப் பாக்கறதில்ல. இங்க வந்து மூணு நாளு வானத்தப் பாத்தீங்க, மேகத்தப் பாத்தீங்க, தூரத்துல நின்னு கையாட்டுனீங்க. நாந் தனியா ஓடைல உக்காந்திருந்தனுங்க. நீங்க திரும்பி வந்தப்ப, மேக்க வெயில் எப்பிடி அடிச்சுதுன்னு என்ற மொகத்தப் பாத்துச் சொன்னீங்க. அதுக்குத்தான் பேனல்."

யுவராஜ் நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கம் பக்கமாக நேரமும் பாறையும் வாட்டும் எழுதியிருந்தது. பெல்ட்டைப் பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தார். நோட்டை மூடிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, சுடிதார் உனக்கு நல்லா இருக்குது அம்மிணி என்றார். முதல் நாள் மலையேறும்போதே சொல்லியிருக்க வேண்டியது அது. அவள் போங்க என்று தோளில் இடித்தாள்.

அன்று சாயங்காலம் பொள்ளாச்சிக் கடையில் ஷகிலா பொருள்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து எடுத்துக்கொண்டாள். கணுக்கால் கட்டைப் பார்த்தாள், பேனலின் ஓரத்தில் ஒட்டியிருந்த பாசியைப் பார்த்தாள். பாசியைத் துணியால் துடைத்துக்கொண்டே, பேனல் பிரயோஜனப்பட்டதா என்று கேட்டாள்.

"கரண்டுக்குன்னா இல்லீங்க. நீங்க சொன்னதுதான் சரி. நாலு நாளுக்கு இது வீண் சுமை."

நான் அப்பவே சொன்னேனே என்கிற திருப்தியோடு ஷகிலா பேனலை மடித்து அலமாரிப் பக்கம் திரும்பினாள்.

"அத வெக்காதீங்க. அதே மாதிரி புதுசு ஒண்ணு விலைக்குக் குடுங்க."

ஷகிலாவுக்குப் புரியவில்லை. மோட்டார் வைத்தவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிற மனிதர், விளையாட்டாகப் பேசுவதாகவும் தெரியவில்லை. அடுத்த தடவை எத்தனை நாளைக்குப் போவதாக உத்தேசம், அதைப் பொறுத்துத்தான் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும் என்றாள்.

யுவராஜ் வாயைத் திறந்தார். கணக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மூடிக்கொண்டார். கோகிலவாணி வெளியே தெருவோரத்தில் நின்று, தள்ளுவண்டிக்காரரிடம் கொய்யாப்பழம் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார். "அவளக் கேட்டுச் சொல்றேன்."